அந்தச் செல்லை அழித்துவிட முடியாதா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆறு ஆண்டுகளாகப் பாக்குப் பொட்டலம் மென்றுவந்த தம்பிக்கு இப்போது வாய் முழுதாகத் திறக்கவில்லை. கன்னத்தின் உட்புறத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதித்த அறிக்கையில் 'ஃபைப்ரோபிளாஸ்ட்' என்ற சொல் இருக்கிறது. உங்களுக்கோ காது குத்திய இடத்தில் புளியங்கொட்டை அளவுக்குத் தழும்பு வளர்ந்திருக்கிறது. அதைக் கெலாய்டு என்று சொன்ன தோல் மருத்துவரும் அதே செல்லின் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒரே நோயா, அந்தச் செல்லை அழித்துவிட முடியாதா என்று கேட்கிறீர்கள்.

ஒரே நோய் அல்ல. ஆனால் இரண்டு இடத்திலும் வேலை செய்தது ஒரே வகைச் செல்தான். அதை அழிக்கக் கூடாது. அழித்தாலும் தம்பியின் வாய் திறக்காது. இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் உங்களுக்கு அச்சம்தான் கூடும். வாய்த் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதுவதே என் வேலை என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆட்டுக்கறி நறுக்கும்போது கத்திக்குப் பிடி கொடுக்காமல் வெள்ளையாக இழுபடும் சவ்வைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் இணைப்புத் திசு. தோலின் அடியடுக்கு, தசையை எலும்போடு கட்டும் நாண், எலும்பை எலும்போடு கட்டும் நார், உறுப்புகளைப் போர்த்திய உறை, பல்லைப் பிடித்திருக்கும் ஈறு என்று உடம்பில் ஒன்றை ஒன்றோடு சேர்த்து வைத்திருப்பவை எல்லாம் அந்தக் குடும்பம்தான். அதன் பெரும்பகுதி உயிருள்ள செல் அல்ல. செல்கள் நெய்து வெளியே போட்ட நார். அந்த நாரில் முக்கியமானது கொலாஜன். நம் உடலிலுள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் இது ஒன்றே. ஆட்டுக்கால் சூப் ஆறியதும் கெட்டியாகி ஆடுகிறதே, அது கொதியில் அவிழ்ந்துபோன கொலாஜன்தான்.

இந்த நாரை நெய்கிறவர்தான் ஃபைப்ரோபிளாஸ்ட். சாயமிட்ட திசுவில் நார்கள் இளஞ்சிவப்பு அலைகளாகத் தெரியும். அலைகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கருநீலக் கீற்றுகள் கிடக்கும். அவை வேலையில்லாமல் ஓய்ந்திருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்களின் உட்கருக்கள். புண்பட்ட இடத்தில் அதே செல் வேறு உருவத்தில் இருக்கும். உட்கரு வெளிறி உப்பியிருக்கும். உடல் நூல் கதிர்போல நடுவில் பருத்து இரு முனையிலும் கூர்மையாக நீண்டிருக்கும். ஒரே செல் சோம்பிக் கிடப்பதையும் சுறுசுறுப்பாக இருப்பதையும் இப்படி உருவத்தை வைத்தே சொல்லிவிடலாம். கண்ணாடித் தட்டில் வளர்த்தாலோ இவை ஒன்றையொன்று ஒட்டி வரிசை பிடித்து, சுழித்தோடும் நீரில் மீன்கூட்டம் திரும்புவதுபோல வளைந்து வளைந்து படரும். முதன்முறை அதைப் பார்த்தபோது கண்ணை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நார் எப்படி உருவாகிறது என்பதில் சற்று நேரம் செலவிட வேண்டும். தம்பியின் நோய் அங்கேதான் கை வைக்கிறது. கொலாஜன் ஒரு முப்புரிக் கயிறு. தனித்தனியான மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும். இதைக் கண்டறிந்தது நம் சென்னையில்தான். 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்த ஜி. என். ராமச்சந்திரன், கொலாஜனின் அமைப்பு இன்னும் விடுபடாத புதிர் என்று அங்கு வந்திருந்த, அயர்லாந்தில் பிறந்த அறிவியலாளர் பெர்னால் சொல்லக் கேட்டு அதில் இறங்கினார். ஊடுகதிர்ப் படமெடுக்கத் தூய கொலாஜன் வேண்டும். கங்காருவின் வால் நாண் அவருக்குக் கிடைத்தது, அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து. அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் முப்புரி அமைப்பை வெளியிட்டார்கள். சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருப்பதன் காரணமும் அதிலிருந்து விளங்கியது. மூன்று புரிகளும் நெருங்கும் நடுப்பகுதியில் அதைவிடப் பெரிய எதற்கும் இடமில்லை.

முறுக்கிய கயிறு அவிழாமல் இருக்க, சங்கிலியிலுள்ள புரோலின் என்ற அமிலத்தில் ஒரு சிறு வேதி மாற்றம் நடந்தாக வேண்டும். அதற்கு வைட்டமின் சி தேவை. அது இல்லாவிட்டால் கயிறு உடல் வெப்பத்திலேயே பிரிந்துபோகும். அதுதான் ஸ்கர்வி நோய். 1740இல் ஆன்சன் என்ற ஆங்கிலேயத் தளபதியின் கீழ் உலகைச் சுற்றப் புறப்பட்ட கப்பல்களில் ஏராளமான மாலுமிகள் இந்த நோயால் மடிந்தார்கள். அந்தப் பயணக் குறிப்பில் ஒரு முதிய மாலுமியைப் பற்றிய செய்தி வருகிறது. அரை நூற்றாண்டுக்கு முன், 1690இல், பாய்ன் போரில் பட்டு ஆறிப்போன அவருடைய காயங்கள் கடலில் மீண்டும் வாய் திறந்துகொண்டன.

இதைப் படித்த நாளிலிருந்து தழும்பை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. தழும்பு என்பது முடிந்துபோன வேலை என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படி இருந்தால் ஐம்பது ஆண்டு கழித்து அது ஏன் பிரிய வேண்டும்? உள்ளே பழைய நார் அரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது, புது நார் நெய்யப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அரிக்கும் நொதிகளைச் சுரப்பதிலும் ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்குப் பங்கு உண்டு. நெய்வதும் பிரிப்பதுமாக இரண்டு கணக்கையும் அது சரிக்கட்டிக்கொண்டிருக்கும் வரை திசு நலமாக இருக்கும். வைட்டமின் சி இல்லாத கப்பலில் நெசவு நின்று அரிப்பு மட்டும் தொடர்ந்தது. உங்கள் தம்பியின் வாயில் நடந்திருப்பது அதற்கு நேர்மாறு.

அதற்குப் போகும் முன் ஒரு புண் எப்படி ஆறுகிறது என்று பார்த்துவிடலாம். வெட்டுப்பட்டதும் ரத்தம் உறைகிறது, வெள்ளணுக்கள் வந்து கிருமியையும் குப்பையையும் அகற்றுகின்றன. மூன்றாம் நாள் வாக்கில் சுற்றுப்புறத்திலிருந்து ஃபைப்ரோபிளாஸ்ட்கள் ஊர்ந்து வருகின்றன. அவர்களை அழைக்கும் குரல்களில் உரத்தது டி.ஜி.எஃப். பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம். அதன் கட்டளையால் சில ஃபைப்ரோபிளாஸ்ட்கள் தசைச் செல்லைப் போலச் சுருங்கும் ஆற்றலைப் பெற்றுவிடுகின்றன. ஜெனீவாவின் காபியானி 1971இல் விவரித்த இந்த வடிவத்துக்கு மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்று பெயர். புண்ணின் இரு கரைகளையும் பிடித்து இழுத்து நெருக்குவது இவையே.

ஆனால் அவசரத்தில் போட்ட நார் வலுவாக இருக்காது. ஒரு வாரத்தில் அந்த இடத்தின் வலிமை பழைய தோலின் வலிமையில் 3 சதவீதம் அளவுதான், மூன்று வாரத்தில் 20 சதவீதம். மூன்று மாதத்தில் 80 சதவீதத்தை எட்டும், அதற்கு மேல் முழுமையாகத் திரும்புவதே இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து தையல் பிரித்த கையோடு குடத்தைத் தூக்காதீர்கள் என்று சொல்வதன் பொருள் இதுதான். வேலை முடிந்ததும் மயோஃபைப்ரோபிளாஸ்ட்கள் தாமாகவே செத்து மறைய வேண்டும். ஆறுதல் என்று நாம் சொல்வதில் அந்த மறைவும் அடங்கியிருக்கிறது. கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரித்து இறக்குவதைப் போன்றது அது.

உங்கள் காதில் சாரம் இறங்கவில்லை. புண் மூடிய பிறகும் 'நெய்' என்ற கட்டளை ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது, செல்களும் கீழ்ப்படிகின்றன. காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நிற்கும் தழும்பு வேறு. எல்லையைத் தாண்டிச் சுற்றியுள்ள நல்ல தோலுக்குள் படர்ந்தால்தான் அது கெலாய்டு. காது மடல், மார்பின் நடு, தோள்பட்டை ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். கருமை கூடிய தோலில் இது அதிகம் வருகிறது, சில குடும்பங்களில் தலைமுறையாகவும் வருகிறது. நீங்கள் செய்த தவறு எதுவும் இதில் இல்லை. வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் திரும்பி வரும், சில வேளை முன்னைவிடப் பெரிதாகவே வரும். வெட்டுவதும் ஒரு புதுப் புண்தானே. அதனால்தான் ஸ்டீராய்டு ஊசியைத் தழும்புக்குள்ளேயே செலுத்தி நெசவைத் தணிக்கிறார்கள். வெட்ட நேர்ந்தாலும் கூடவே ஊசி, அழுத்தம் தரும் காதணி, சிலிக்கோன் பட்டை, சிலருக்கு உடனடிக் கதிர்வீச்சு என்று ஏதேனும் ஒன்றைச் சேர்ப்பார்கள். அழகு நிலையத்தில் யாராவது கரைத்துத் தருகிறேன் என்றால் காதைக் கொடுக்காதீர்கள்.

இனி தம்பி. அவருடைய நோயைத் தமிழில் வாய்ச் சவ்வடி நார்மை என்று சொல்லலாம். 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் இதைக் கண்டு எழுதினார். அடுத்த ஆண்டே பம்பாயில் ஜோஷி இதைப் பதிவு செய்தார். இன்று இந்தியா, இலங்கை, தைவான், இன்னும் பாக்கு மெல்லும் மக்கள் எங்கெல்லாம் இருக்கிறார்களோ அங்கெல்லாம் இது இருக்கிறது.

என்னிடம் வரும் நோயாளிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி தொடங்குகிறார்கள். முதலில் காரம் ஒத்துக்கொள்ளவில்லை, ரசச்சோறுகூட எரிகிறது என்பார்கள். பிறகு விசில் அடிக்க முடியவில்லை, பெரிய கவளம் போகவில்லை என்பார்கள். வாயை விளக்கொளியில் பார்த்தால் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய கன்னச் சவ்வு பளிங்கைப் போல வெளிறியிருக்கும். உறையிட்ட விரலை உள்ளே விட்டுத் தடவினால் கன்னத்தில் மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டிய கயிறுபோல நெருடும். முதிர்ந்தவர்களில் உள்நாக்கும் சுருங்கிப்போயிருக்கும்.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வாயின் உட்புறம் உடம்பிலேயே விரைவாக ஆறும் இடங்களில் ஒன்று. கன்னத்தைக் கடித்துக்கொண்டால் சில நாளில் சுவடே இல்லாமல் போய்விடும். தோலில் இருப்பவற்றைவிட வாயில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் தழும்பு போடுவதில் சிக்கனமானவை. அப்படிப்பட்ட இடத்தையே கயிறாக்குகிறது பாக்கு. அந்தச் செல் இயல்பிலேயே கெட்டது என்று எண்ண இடமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பாக்கு பல பக்கமும் தாக்குகிறது. அதிலுள்ள அரிகோலின் என்ற ஆல்கலாய்டு, மேற்சவ்வுச் செல்களையும் ஃபைப்ரோபிளாஸ்ட்டையும் தூண்டி டி.ஜி.எஃப். பீட்டாவின் கட்டளையை ஓயவிடாமல் செய்கிறது. பாக்கில் தாமிரம் மிகுதி. கொலாஜன் கயிறுகளை ஒன்றோடொன்று குறுக்கே பிணைக்கும் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி தாமிரத்தைக் கொண்டே வேலை செய்யும். எனவே பிணைப்பு கூடுகிறது. சொரசொரப்பான துகள் நாள் முழுதும் சவ்வை உராய்ந்து சிறு சிறு புண்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. இவற்றோடு டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்கிறது.

டானினைப் பற்றித் தோல் பதனிடும் ஊர்க்காரர்களிடம் கேட்டால் எனக்கும் மேலாகச் சொல்வார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் ஆட்டுத் தோலைப் போட்டு வைத்தால் அது அழுகாத தோலாகிறது. டானின் கொலாஜன் நாரைப் பற்றிக்கொள்வதால் அதை அரிக்கும் நொதிகளுக்கு அங்கே பிடிமானம் இல்லாமல் போகிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் காலணிக்கும் பைக்கும் வேண்டி அறிந்தே செய்யும் வேலை அது. பாக்கை அடக்கி வைத்திருக்கும் கன்னத்தில் அதே வேதியியல் உயிருள்ள திசுவில் நடக்கிறது. நெசவு கூடியது ஒரு பக்கம், நெய்ததை அரிக்க முடியாமல் போனது மறுபக்கம். நான் மேலே சொன்ன இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் தவறுகின்றன.

இப்போது உங்கள் கேள்விக்குத் திரும்புவோம். தொடக்க நிலையில் எடுத்த துணுக்கில் உப்பிய, சுறுசுறுப்பான ஃபைப்ரோபிளாஸ்ட்கள் நிறையத் தெரியும். முற்றிய நிலையில் எடுத்ததில் கண்ணுக்கெட்டிய வரை இளஞ்சிவப்பு நார்தான், அலை வடிவமே இழந்து கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும். செல்கள் மிகக் குறைவு. ரத்தக் குழாய்கள் நெரிந்திருக்கும், அடியிலுள்ள தசையும் நைந்திருக்கும். நெய்தவர்களே பெரும்பாலும் போய்விட்டார்கள், வாயைப் பூட்டி வைத்திருப்பது அவர்கள் விட்டுச்சென்ற கயிறு. செல்லை அழித்தாலும் வாய் திறக்காது என்று தொடக்கத்தில் எழுதியது இதனால்தான்.

அழிக்கக் கூடாது என்றும் எழுதினேன். மாரடைப்பு வந்தவரை நினைத்துப் பாருங்கள். செத்துப்போன இதயத் தசை மீண்டும் முளைப்பதில்லை. அந்த ஓட்டையை ஃபைப்ரோபிளாஸ்ட் நாரால் அடைக்கிறது. அடைத்து முடியாத முதல் வாரத்தில்தான் இதயச் சுவர் கிழியும் ஆபத்து இருக்கிறது. புற்றுநோயிலும் ஒரு பாடம் கிடைத்தது. கணையப் புற்றுக் கட்டியைச் சுற்றி ஃபைப்ரோபிளாஸ்ட்கள் தடித்த நார் அரண் அமைப்பதும், அவற்றில் சில கட்டிக்குத் துணைபோவதும் தெரிந்ததே. அந்த அரணால் மருந்து உள்ளே போக முடியவில்லை, அரணை அமைத்தவர்களை ஒழித்தால் போதும் என்ற நம்பிக்கை பலரிடம் இருந்தது. 2014இல் எலிகளில் மயோஃபைப்ரோபிளாஸ்ட்களை அகற்றிப் பார்த்த ஆய்வில் கட்டி இன்னும் மூர்க்கமாகி, எலிகள் விரைவில் இறந்தன. அந்த அரண் கட்டியை ஓரளவு அடக்கியும் வைத்திருந்திருக்கிறது.

எனவே மருத்துவம் இப்போது தேடுவது கட்டளையைத் தணிக்கும் வழியை. காரணம் தெரியாமல் நுரையீரல் நாராகும் நோய்க்கு நின்டெடானிப், பிர்ஃபெனிடோன் என்ற இரண்டு மருந்துகள் 2014இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இரண்டும் நாராவதன் வேகத்தைக் குறைக்கின்றன; நாரானதைத் திரும்பப் பஞ்சாக்குவதில்லை. முடக்குவாதத்திலும் மூட்டு உறையிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட்கள் குருத்தெலும்பை அரிப்பதில் பங்கேற்கின்றன, அதையும் இந்தக் கண்ணோட்டத்தில் ஆராய்ந்து வருகிறார்கள்.

இந்தச் செல்லுக்கு நாம் பட்ட கடனையும் சொல்லாமல் விட மனமில்லை. சாதாரண மனிதச் செல் ஏறத்தாழ ஐம்பது முறை பிரிந்ததும் நின்றுவிடும் என்று 1961இல் அமெரிக்க ஆய்வாளர் ஹேஃப்லிக் கண்டது மனிதக் கருவிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்களில்தான். அவர் வளர்த்த டபிள்யூ.ஐ.-38 என்ற ஃபைப்ரோபிளாஸ்ட் வரிசையில்தான் ரூபெல்லா தடுப்பூசிக்கான வைரஸ் வீரியம் குறைக்கப்பட்டது. 2006இல் ஜப்பானிய ஆய்வாளர் யமனாக்கா எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட்டை எடுத்து, எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய தொடக்க நிலைக்குத் திருப்பினார். அதற்காக 2012இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. அழித்துவிடலாமா என்று நீங்கள் கேட்ட செல் அது.

தம்பிக்கு வருகிறேன். அவர் வாங்கும் பொட்டலத்தில் புகையிலை இல்லை, வெறும் பாக்குதான் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஆறுதல் வேண்டாம். இந்த நோய்க்குக் காரணம் பாக்கேதான். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத பாக்கையே மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வைத்துவிட்டது. எர்ணாகுளத்தில் இந்த நோயுள்ள 66 பேரைப் 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1985இல் வெளியிட்ட ஆய்வில் ஐவருக்கு வாய்ப்புற்று வந்திருந்தது. நூற்றுக்கு 7.6 பேர். மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. வாய் திறப்பது ஒரு கவலை, வாயைக் கண்காணிப்பது அதைவிடப் பெரிய கவலை என்பதற்காகச் சொல்கிறேன். இரண்டு வாரத்தில் ஆறாத புண், சிவந்த திட்டு, கெட்டியான தடிப்பு எது தெரிந்தாலும் அன்றே காட்ட வேண்டும். எதுவும் தெரியாவிட்டாலும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் போய்க் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாக்கை விட்ட பிறகும்தான்.

விட்டுவிட்டால் எரிச்சல் பெரும்பாலும் தணியும். போட்ட கயிறு தானாகக் கரையாது. சவ்வுக்குள் ஸ்டீராய்டும், நார்களுக்கு இடையிலுள்ள பசையை இளக்கும் ஹயலுரோனிடேஸும் ஊசியாகப் போடுகிறார்கள். மிகவும் இறுகியவர்களுக்கு நார்ப்பட்டைகளை வெட்டி, கன்னத்தின் கொழுப்புத் திசுவையோ முகத் தோலையோ அங்கே வைத்துத் தைக்கிறார்கள். எதைச் செய்தாலும் வாய்ப்பயிற்சி இல்லாவிட்டால் பலன் நிற்காது. வெட்டிய இடத்துக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் வந்து தழும்பு நெய்யும், தழும்பு சுருங்கும். அந்த நாட்களில் நீட்டிப் பிடித்திருந்தால்தான் நீண்டபடியே ஆறும்.

இன்று மாலை தம்பியைக் கண்ணாடி முன் உட்கார வையுங்கள். அவருடைய சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைக்கச் சொல்லுங்கள். மூன்றும் போனால் திறப்பு இயல்பு. இரண்டுதான் போகிறது, ஒன்றுதான் போகிறது என்றால் அதைத் தேதியோடு எழுதி வையுங்கள். பிறகு மருத்துவர் சம்மதத்தோடு, தட்டையான ஐஸ் குச்சிகளைக் கழுவி அடுக்கி, வலிக்காமல் எத்தனை குச்சி போகிறதோ அதைப் பற்களுக்கு நடுவே சில நிமிடம் வைத்திருக்கப் பழக்குங்கள். நாளுக்கு நாலைந்து முறை. பழகியதும் ஒரு குச்சி கூட்டுங்கள். எத்தனை குச்சி என்பதையும் அதே தாளில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.